அவ்வளவு வெயில் இருந்தும் நிலக்கரி எதற்கு?

நீலகிரி மலையில் எங்கள் மஞ்சூரில் ஜூன் பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கும் டீக்கடையில் பல்பு எரியும். மேகம் உள்ளே வந்து பெஞ்சில் நம் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒரு காலையில்தான் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். ராணுவத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். அதில் இரண்டு தடவை ராஜஸ்தானில், ஜெய்சல்மேர் பக்கம் போஸ்டிங்.

"தம்பி, அங்கே மே மாசத்துல ஜீப் கதவைத் தொட முடியாது, கை வெந்துரும். அவ்வளவு வெயிலை வெச்சுக்கிட்டு அவங்க எதுக்கு சத்தீஸ்கர்ல இருந்து நிலக்கரி வரவழைச்சு எரிக்கிறாங்க?"

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவன். "அதானே" என்றேன். அதற்கு மேல் உடனே எதுவும் வரவில்லை. கேள்வி சின்னது, பதில் சொல்லப் போனால் யூனிட், தண்ணீர், நிலம், சாயங்காலம் என்று இழுத்துக்கொண்டே போகிறது. அன்றைக்கு டீ ஆறும்வரை பேசியதையும் பேசாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். கரண்ட் பில் தவிர மின்சாரத்தைப் பற்றி வேறெதுவும் தெரியாதவருக்கும் புரிந்தால் போதும்.

முதலில் அந்த மாநிலம். பரப்பளவில் இந்தியாவிலேயே பெரியது ராஜஸ்தான்; 3.42 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். மேற்கே பெரும்பகுதி தார் பாலைவனம். அங்கே மண்ணுக்கடியில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பார்மேரில் கச்சா எண்ணெய் எடுக்கிறார்கள். பிகானேர், பார்மேர் பக்கம் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. நம் நெய்வேலி நிறுவனமே பிகானேர் அருகே பர்சிங்சரில் சுரங்கம் வெட்டி, 250 மெகாவாட் அனல்மின் நிலையம் வைத்திருக்கிறது. ஆனால் சூரத்கர், கோட்டா, சப்ரா, காளிசிந்து என்று அந்த மாநிலத்தின் பெரிய அனல்மின் நிலையங்கள் கேட்பது கறுப்பு நிலக்கரி. அது அங்கே விளையாது. அதற்காகச் சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டில் ராஜஸ்தான் அரசின் மின் உற்பத்தி நிறுவனத்துக்குச் சுரங்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காட்டில் வாழும் பழங்குடி மக்கள் பல வருஷமாக அதை எதிர்த்துப் போராடிவருகிறார்கள். அங்கே வெட்டியது சூரத்கர் வந்துசேர ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வரவேண்டும்.

கேரட் விளைகிற எங்கள் கேத்தியில் உட்கார்ந்துகொண்டு வெளியூரிலிருந்து லாரி வைத்து கேரட் வாங்குவதுபோல இருக்கிறது, இல்லையா? அண்ணனுக்கும் அப்படித்தான் தோன்றியது. விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

குழாயும் குடமும்

பேப்பரில் மெகாவாட் என்று போடுவார்கள். வீட்டு பில்லில் யூனிட் என்று வரும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. குழாயின் வாய் எவ்வளவு அகலம் என்பது மெகாவாட். குடத்தில் எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்பது யூனிட். ஆயிரம் வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு மெகாவாட் இயந்திரம் ஒரு நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் 24,000 யூனிட்.

நிலக்கரி நிலையம் நினைத்தால் அப்படி ராத்திரி பகலாக ஓடும். சோலார் ஓடாது. காலையில் மெல்ல ஏறி, மதியம் உச்சிக்குப் போய், மாலையில் இறங்கிவிடும். ராஜஸ்தான் வெயிலிலேகூட ஒரு மெகாவாட் சோலார் சராசரியாக நாளுக்கு 5,000 முதல் 6,000 யூனிட்தான் தரும். எனவே, "நிலக்கரியும் 1,000 மெகாவாட், சோலாரும் 1,000 மெகாவாட், இரண்டும் சமம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். நாலு மெகாவாட் சோலார் சேர்ந்தால்தான் நிற்காமல் ஓடும் ஒரு மெகாவாட்டுக்கு ஈடு.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பட்லாவைப் பார்க்கலாம். ஜோத்பூருக்கு அப்பால், பலோதி ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற சோலார் பூங்கா. 2,245 மெகாவாட், ஏறக்குறைய 14,000 ஏக்கர். நம் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் நிலையம் 2,500 ஏக்கர். அதைப் பார்த்தவர்கள் பட்லாவை மனதில் விரித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நல்ல நாளில் பட்லா ஒரு கோடி யூனிட்டுக்கு மேல் தரும். ஒரு துண்டு நிலக்கரி இல்லாமல், புகைபோக்கி இல்லாமல்.

'புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' என்று பாடப் புத்தகத்தில் பெரிய வார்த்தையாகப் போட்டிருப்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான்: இன்றைக்கு எடுத்தது நாளைக்குத் தானாகத் திரும்ப வந்துவிடும். வெயில் அப்படி, காற்று அப்படி, மழைத் தண்ணீர் அப்படி. இந்த மூன்றாவது நீலகிரிக்குப் புதிதில்லை. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. எங்கள் குந்தா பக்கம் ஐம்பதுகளில் அணை கட்டத் தொடங்கினார்கள், கனடா நாட்டு உதவியோடு. இங்கே தாத்தா தலைமுறைக்கே 'கரண்ட் தண்ணியில இருந்து வருது' என்று தெரியும்.

சூடு வேறு, வெளிச்சம் வேறு

அண்ணனின் ஜீப் கதவு ஒரு தவறான சாட்சி. பாலைவனம் கொதிக்கிறது, ஆகவே சோலாருக்கு நல்லது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. பேனலின் திறனை 25 டிகிரியில் அளந்து எழுதுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 0.4 பங்கு உற்பத்தி குறையும். பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி அடித்தது, இந்தியாவில் பதிவான உச்சம். அப்படிப்பட்ட ஊரில் பேனலின் முதுகு 65 டிகிரிக்குப் போனால், நூற்றில் 16 பங்கு அங்கேயே போய்விடுகிறது.

என் வீட்டு மாடியில் இரண்டு பேனல் இருக்கிறது. ஜனவரியில் உறைபனி கொட்டின மறுநாள், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்போது அது வேலை செய்வதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும். குளிரும் வெயிலும் சேர்ந்த நாள் பேனலுக்குக் கல்யாண நாள். ஜூலையில் அதே பேனல் ஒரு செல்போனுக்குச் சார்ஜ் போடவே யோசிக்கும். ஆக, நீலகிரியிடம் குளிர் இருக்கிறது, வெளிச்சத்துக்கு உத்தரவாதம் இல்லை. தாரிடம் சூட்டுத் தொல்லை இருக்கிறது, ஆனால் மேகமில்லாத நாட்கள் வருஷம் பூராவும் வரிசையாக நிற்கின்றன. நூற்றில் 16 போனாலும் மிச்சம் 84, அதுவும் தினம் தினம். அதனால்தான் ராஜஸ்தானில் 1,42,000 மெகாவாட் சோலார் போட இடமிருக்கிறது என்று தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் 2014-ல் மதிப்பிட்டது. இந்தியா முழுமைக்கும் போட்ட மதிப்பில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

(சூட்டையே பயன்படுத்தும் வழியும் உண்டு. வளைந்த கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து, நீராவி உண்டாக்கி, டர்பைனைச் சுற்றுவது. ஜெய்சல்மேர் மாவட்டம் நோக்கில் 50 மெகாவாட்டுக்கு அப்படி ஒன்று இருக்கிறது. பேனல் விலை சரசரவென்று இறங்கியதில் அந்த முறை பின்னுக்குப் போய்விட்டது.)

விலையைப் பற்றி ஒரு வரி: 2017 மே மாதம் பட்லாவுக்கு நடந்த ஏலத்தில் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்குத் தருகிறோம் என்று வந்தார்கள். அன்றைக்கு அது நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்த விலை. வெயிலுக்கு ஏற்று கூலி இல்லை, ரயில் வாடகை இல்லை. போட்ட முதலுக்கு வட்டி கட்டினால் சரி.

தண்ணீர்க் கணக்கு

பாலைவன மாநிலம் சோலாருக்கு மாறவேண்டும் என்பதற்கு எல்லோரும் வெயிலைக் காட்டுகிறார்கள். நான் தண்ணீரைத்தான் முதலில் காட்டுவேன்.

அனல்மின் நிலையம் என்பது என்ன? பெரிய கெட்டில். நிலக்கரியை எரித்து, தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியின் வேகத்தில் டர்பைனைச் சுற்றி, பிறகு ஆவியைக் குளிர்வித்துத் திரும்பத் தண்ணீராக்குகிறார்கள். குளிர்விக்கத்தான் ஏராளமான தண்ணீர் போகிறது. கூம்பு மாதிரி நிற்கிற அந்தப் பெரிய கோபுரங்களிலிருந்து வெள்ளையாகப் போவது பெரும்பாலும் நீராவி. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 3 லிட்டர் தண்ணீர், கிட்டத்தட்ட 700 கிராம் நிலக்கரி. காற்றில் கலப்பது ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு.

இப்போது 1,000 மெகாவாட் நிலையம் ஒன்று ஒரு நாள் முழுத் திறனில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 2 கோடியே 40 லட்சம் யூனிட். தண்ணீர் 7 கோடி லிட்டருக்கு மேல். நிலக்கரி நான்கைந்து கூட்ஸ் வண்டி. ஒரே நாளைக்கு. சூரத்கர் நிலையம் இந்தத் தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறது தெரியுமா? இமயமலைப் பக்கமிருந்து வரும் ஆற்றுத் தண்ணீரைப் பஞ்சாபிலிருந்து பாலைவனத்துக்குக் கொண்டுவர வெட்டிய இந்திரா காந்தி கால்வாயிலிருந்து. கடுகும் கோதுமையும் விளையவும், ஜனங்கள் குடிக்கவும் கொண்டுவந்த தண்ணீர்.

எங்கள் ஊர்க்காரருக்கு இதன் வலி முழுசாகப் புரியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஜெய்சல்மேரில் ஒரு வருஷத்துக்கே 20 சென்டிமீட்டர் வந்தால் நல்ல வருஷம். அவர்களுடைய நாலு வருஷ மழையை நாங்கள் ஒரு நாளில் வாங்கி, ரோடு அடித்துக்கொண்டு போய்விட்டதே என்று திட்டிக்கொண்டிருந்தோம். "அங்கே ஒரு பக்கெட் தண்ணியில குளிச்சு, அந்தத் தண்ணியையே பிடிச்சுத் துணி அலசுவாங்க தம்பி" என்றார் அண்ணன். அந்த ஊரில் யூனிட்டுக்கு 3 லிட்டர் என்பது சின்ன எண் இல்லை.

சோலாருக்கும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், பேனலைக் கழுவ. தார் பாலைவனத்துப் புழுதி அப்படிப்பட்டது. ஒரு வாரம் விட்டால் கண்ணாடி மேல் மாவு தூவின மாதிரி படிந்துவிடும். அதற்கும் இப்போது வழி வந்திருக்கிறது: பேனல் வரிசை மேல் தானாக ஓடும் பிரஷ் இயந்திரங்கள், தண்ணீரே இல்லாமல் துடைத்துவிடுகின்றன. எல்லா நிலையத்திலும் அது இல்லை. இருந்தாலும் நிலக்கரி குடிப்பதோடு ஒப்பிட்டால் இது கையலம்பும் தண்ணீர்.

ராத்திரி இரண்டு மணி மோட்டார்

அடுத்தது, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று. ராஜஸ்தானில் குளிர்காலத்தில் கரண்ட் தேவை எகிறும். கோதுமைக்கும் கடுகுக்கும் தண்ணீர் பாய்ச்சுகிற காலம் அது; ஆழ்துளைக் கிணறுகளெல்லாம் ஒரே நேரத்தில் மூச்சுவிடும். மோட்டாருக்கு மும்முனை மின்சாரத்தை முறைவைத்துக் கொடுப்பார்கள். பல இடங்களில் அந்த முறை ராத்திரியில் வரும். பாலைவனம் என்றால் எப்போதும் கொதிக்கும் என்று நினைக்காதீர்கள். சீகர் பக்கம் பத்தேபூரில் குளிர்கால ராத்திரி சுழியத்துக்குக் கீழே போகும். எங்கள் மலைமேல் கோரகுந்தாவில் பனி விழுகிற ராத்திரியில், இரண்டு மணிக்கு எழுந்து தோட்டத்துக்குப் போய், ஈரத்தில் நின்று பாத்தி திருப்பச் சொன்னால் எப்படி இருக்கும்? அதை அந்த விவசாயி வருஷா வருஷம் செய்கிறார்.

வீட்டு விளக்கை மதியம் எரியுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. மோட்டாரை மதியம் ஓட்டுங்கள் என்று சொல்லலாம்; அவரும் நிம்மதியாகச் சரி என்பார். வெயில் இருக்கும் நேரத்துக்கே நகர்த்திவிடக்கூடிய தேவை இவ்வளவு பெரிதாக ஒரு மாநிலத்தில் இருப்பது சோலாருக்குப் பெரிய அதிர்ஷ்டம். மத்திய அரசின் குசும் திட்டம் இதற்குத்தான்: கிராமத்து மின்பாதைக்குப் பக்கத்திலேயே சின்னச் சோலார் நிலையம், பகலில் மோட்டாருக்கு மின்சாரம்.

இதில் ஒரு குழி இருக்கிறது. பகலில் தாராளமாக, மலிவாகக் கரண்ட் வந்தால் மோட்டார் நிற்காது. ராஜஸ்தானில் நிலத்தடி நீரை ஏற்கெனவே அளவுக்கு மீறி உறிஞ்சியாயிற்று. நிலக்கரியில் மிச்சம் பிடித்த தண்ணீரைக் கிணற்றில் தொலைத்தால் என்ன லாபம்? சொட்டுநீர் இல்லாமல் இந்தத் திட்டத்தை மட்டும் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆறு மணிக்கு மேல்

"சரி தம்பி, ஆறு மணிக்கு மேல?" என்றார் அண்ணன். இதுதான் உண்மையான கேள்வி. நிலக்கரி ஏன் இன்னும் இருக்கிறது என்பதற்கான பதிலும் இதில்தான் இருக்கிறது.

மின்சாரத்தை உண்டாக்கிய நொடியிலேயே செலவழிக்க வேண்டும். பாலை உறைகுத்தி வைப்பதுபோல் அதை அப்படியே வைக்க முடியாது. மதியம் பன்னிரண்டு மணிக்கு ராஜஸ்தானில் வாங்க ஆள் இல்லாத அளவுக்குச் சோலார் கொட்டும். வெளியே கொண்டுபோகும் மின்தடத்தில் இடம் போதாமல், உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதும் நடக்கிறது. மாலை ஏழு மணிக்கு ஊரெல்லாம் விளக்கும் டிவியும் ஏசியும் ஒன்றாகப் போடும்போது சோலார் பூஜ்யம். அந்த நேரத்துக்கு நிலக்கரி வேண்டியிருக்கிறது. அனல்மின் நிலையத்தை டியூப்லைட் மாதிரி மாலையில் போட்டுக் காலையில் அணைக்கவும் முடியாது. சூடேறவே பல மணி நேரம் எடுக்கும். அதனால் மதியமும் அதைக் குறைந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஜெய்சல்மேர் மேட்டில் காற்றாலைகள் நிறைய உண்டு. கோடையிலும் மழைக்காலத்திலும் அங்கே மாலைக்கு மேல் காற்று கூடுவதால் அது கொஞ்சம் கைகொடுக்கும். போதாது. பகலை எடுத்து ராத்திரிக்கு வைக்க ஒரு பரண் வேண்டும்.

பேட்டரி ஒரு பரண். கன்டெய்னர் கன்டெய்னராகச் சோலார் நிலையத்தின் ஓரத்திலேயே வைக்கிறார்கள். விலையும் வேகமாக இறங்கிவருகிறது. இரண்டு மணி, நாலு மணி நேரத் தேவைக்கு அது சரி.

இன்னொரு பரணைப் புரிந்துகொள்ள எங்கள் மலையை விட நல்ல பாடசாலை கிடையாது. மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் கோவைக்கு இறங்கினால் 43 கொண்டை ஊசி வளைவு. அந்தச் சரிவில் மலையை ஒட்டி ராட்சதக் குழாய்கள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே அணையில் நிற்கும் தண்ணீர் அதில் பாய்ந்து இறங்கி, கீழே டர்பைனைச் சுற்றுகிறது. குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று ஒரே தண்ணீர் படிப்படியாக இறங்கி நாலு இடத்தில் வேலை பார்க்கும். மேலே நிற்கிற தண்ணீர் என்பது, யோசித்துப் பார்த்தால், செலவழிக்காமல் வைத்திருக்கும் கரண்ட்தான். வால்வைத் திறந்தால் சில நிமிஷத்தில் மின்சாரம் ரெடி.

இதைத் திருப்பிப் போட்டால்? மதியம் மிஞ்சுகிற சோலார் கரண்டை வைத்துக் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவிடுவது. மாலையில் இறக்கி மின்சாரம் எடுப்பது. இதற்கு நீரேற்று மின்திட்டம் என்று பெயர். ஆனைமலையில் காடம்பாறை 400 மெகாவாட் நிலையம் எண்பதுகளின் கடைசியிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்திலும் போர்த்திமந்து அணையை மேல் தொட்டியாகவும், அவலாஞ்சி–எமரால்டு அணையைக் கீழ்த் தொட்டியாகவும் வைத்து 500 மெகாவாட்டுக்கு மலையைக் குடைந்து பல வருஷமாக வேலை நடக்கிறது.

எவ்வளவு சேமிக்கலாம்? வகுப்பில் நான் போடும் கணக்கு இது. மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் தொட்டித் தண்ணீரை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி உயரத்துக்கு ஏற்ற, சுமார் 5 யூனிட் வேண்டும். ரயில் அத்தனை நேரம் மூச்சு வாங்கி ஏறுகிற உயரம். சேர்வது ஒரு சின்னக் குடும்பத்தின் ஒரு நாள் கரண்ட். "அவ்வளவுதானா சார்?" என்று பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். அதனால்தான் அணை அளவுக்குத் தண்ணீர் தேவைப்படுகிறது. ஏற்றிய நாலு யூனிட்டில் இறக்கும்போது மூன்றுதான் கைக்கு வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மதியம் வீணாகப் போக இருந்த யூனிட்டில் நாலில் ஒன்று போனால் போகட்டும்.

தாரில் மலை இல்லை. கிழக்கே ஆரவல்லிக் குன்றுகளும் சம்பல் ஆறும் இருப்பதால் ராஜஸ்தானுக்கு இந்த வழி முற்றிலும் அடைபடவில்லை. ஆனால் அந்த இடங்களில் காடும் உண்டு, ஜனமும் உண்டு.

கரண்ட் பிறந்த ஊர்

ராஜஸ்தானில் சோலார் 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கிறது என்று படிக்கும்போது, அந்த மாநிலம் மாறிவிட்டது என்றே தோன்றும். அங்கே நிற்கும் பெரிய நிலையங்கள் பலவற்றின் மின்சாரம் நேராக வெளி மாநிலங்களுக்குப் போகிறது, ஒப்பந்தமே அப்படி. ராஜஸ்தான் மண்ணில் சோலார் நிற்பது ஒன்று, ராஜஸ்தான் வீட்டில் சோலார் எரிவது வேறு. அண்ணன் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இங்கே இருக்கிறது.

இது எங்களுக்குப் பழக்கமான கதை. பைக்காரா தண்ணீர் சுற்றிய கரண்ட் கீழே இறங்கித்தான் கோயம்புத்தூர் மில்களை ஓட்டியது. மலையில் பல குக்கிராமங்கள் அதற்கப்புறமும் வெகுகாலம் மண்ணெண்ணெய் விளக்கில்தான் இருந்தன. வெளியே விற்பது தப்பில்லை. ஆனால் நிலத்தைக் கொடுத்த கிராமத்துக்குப் பகல் மோட்டாரும் கொஞ்சம் வேலையும் வராமல், பக்கத்து மாநிலத்து ஏசி மட்டும் ஓடினால், அந்த ஊர்க்காரர் பேனலைப் பார்த்துக் காறித்துப்பத்தான் செய்வார்.

அப்புறம் அந்த நிலம். காகிதத்தில் 'தரிசு' என்று எழுதியிருக்கும். மேற்கு ராஜஸ்தானில் 'ஓரண்' என்று சொல்வார்கள்: சாமிக்கு விட்ட மேய்ச்சல் காடு, நம்மூர்க் கோயில் காடு மாதிரி. ஆடும் ஒட்டகமும் மேய்வது அங்கேதான். அங்கே நிற்கிற கேஜ்ரி மரம் வேறு யாருமில்லை, நம் சிவன் கோயில் வன்னி மரம். ஜோத்பூர் பக்கம் கேஜர்லியில் 1730-ல் அந்த மரத்தை வெட்டவிடாமல் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர்விட்டார்கள். இன்று சோலாருக்காக அதே மரம் விழுகிறது என்று பிகானேர் பக்கம் போராடுகிறார்கள். கானமயில் என்ற பெரிய பறவை ஜெய்சல்மேர் பக்கம் இருநூறுக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அதற்கு எதிரே உள்ளது சரியாகத் தெரியாது, மின்கம்பியில் மோதிச் சாகிறது. கம்பியைப் புதைக்க வேண்டும் என்று 2021-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2024-ல் அதைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது.

நீலகிரியில் புல்வெளியைப் பார்த்து வெள்ளைக்காரன் 'சும்மா கிடக்கிறது' என்றுதான் சீகையையும் (வாட்டில் மரம்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) நட்டான். வரையாடு மேய்ந்த இடம், தோடர் எருமை மேய்ந்த இடம். இப்போது சீகையைப் பிடுங்கிப் புல்லைத் திரும்பக் கொண்டுவரப் படாதபாடு படுகிறோம். 'சும்மா கிடக்கிற நிலம்' என்று யார் சொன்னாலும் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. சோலார் வேண்டும், ஓரணை விட்டுவிட்டுப் போடவும் அந்த மாநிலத்தில் இடம் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது கடையில் கரண்ட் போயிற்று. மேகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரர் மெழுகுவத்தி தேடினார்.

"அப்போ அவங்க மதியக் கரண்ட்டு நம்ம எமரால்டு தண்ணியை ஏத்துமா?" என்றார் அண்ணன் இருட்டிலேயே.

கம்பி இருக்கிறது என்றேன். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாகத் தென்மாநிலங்களின் மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒத்திசைந்து ஒன்றாயிற்று. அதற்குப் பிறகு ஜெய்சல்மேரும் மஞ்சூரும் ஒரே கம்பியில்தான் இருக்கின்றன. தடத்தில் இடமும், விலையில் உடன்பாடும் வந்தால் ஏற்றலாம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஜூன்ல அங்கே ஏழே முக்காலுக்குத்தான் பொழுது சாயும், தெரியுமா? ரொட்டி சாப்பிட உட்காரும்போதும் வெளியே வெயில் நிக்கும். இங்கே அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாலயே லைட்டு போட்டிருவோம்" என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில், பேப்பர் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.